வக்கீலை எப்போது பண்ணைக்கு அனுப்புவது

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் லாயத்தில் உள்ள ஏழு குதிரைகளும் சுகம். அங்கே உன் முழங்கால், உன் மகன், மருமகள், பேத்தி ஆகியோர் சுகமா என்று அறிய விருப்பம். முழங்காலை முதலில் விசாரித்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. உன் கடிதத்திலும் அந்த வரிசையில்தான் வருகிறது.

உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. நாலு பக்கம் ஊர்க்கதை எழுதிவிட்டுக் கடைசி வரியில், போகிற போக்கில் கேட்கிற மாதிரி, "வக்கீலை எப்போ பண்ணைக்கு அனுப்பப் போறே? உங்க அத்தானுக்குக் கொடுத்த வாக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டிருக்கிறாய். ஞாபகம் இருக்கிறது. குதிரை உன்னுடையது, நான் வெறும் பயிற்சியாளன், அதுவும் ஞாபகம் இருக்கிறது. பண்ணைக்காரர் இந்த வெள்ளிக்கிழமை வருகிறார். பெண்குதிரைகளுக்குப் பருவம் தொடங்கப் போகிறதாம், இப்போது விட்டால் இன்னும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டுமாம், அதற்குள் வக்கீல் நாலு பந்தயம் தோற்றுவிட்டால் அவன் குட்டிகளை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்களாம். உன் சார்பில் நான் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போடுவதா, வேண்டாமா என்று உணர்ச்சிக்கு இடம் கொடுக்காமல் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இதைப் போனிலேயே சொல்லலாம்தான். போனில் நீ குறுக்கே பேசுவாய்.

முடிவைச் சொல்வதற்கு முன் இங்கே நடந்த ஒரு துரோகத்தைச் சொல்லியாக வேண்டும். அது புரிய வேண்டுமென்றால் கொஞ்சம் பழைய கதையும் வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் எனக்கு எழுதப் பிடித்திருக்கிறது.

வக்கீல் வந்தபோது ஒன்றரை வயது. முன்னங்கால் கொஞ்சம் உள்ளே வாங்கி நிற்கிறது என்று ஒருவரும் சீண்டாத குட்டி. அத்தான் அவனைப் பிடித்துக்கொண்டு வந்து லாய வாசலில் நிறுத்தி, "மாப்ளே, கால் கோணல்தான். ஆனா பார்வை நேரா இருக்கு" என்றார். நில அளவை ஆபீஸில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர் கோணல், நேர் பற்றிப் பேசும்போது நான் என்ன எதிர்த்துச் சொல்ல. குட்டி எதைச் செய்தாலும் தலையை ஆட்டி ஆட்சேபிப்பான். லாடம் அடிக்க ஆட்சேபணை, கடிவாளத்துக்கு ஆட்சேபணை, மழை பெய்தால் மழைக்கு ஆட்சேபணை. அதனால்தான் அத்தான் வக்கீல் என்று பெயர் வைத்தார். பந்தயப் பட்டியலில் நீளமாக ஒரு பெயர் உண்டு, அதைச் சொல்லிக் கூப்பிட்டால் இவன் பக்கத்துக் குதிரையைப் பார்ப்பான்.

அந்த வாரமே அத்தான் நம் பயிற்சிப் பாதையை அளந்தார், ஞாபகம் இருக்கிறதா? அதற்கு முன் நான் குத்துமதிப்பாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். "குத்துமதிப்பா வாழலாம், குத்துமதிப்பா அளக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, பாதை முடியும் இடத்திலிருந்து சரியாக ஆறு பர்லாங் தூரத்தை இரண்டு நாள் அளந்து, எதிர்க்கோடியில் ஒரு வெள்ளைக் கம்பத்தை நட்டார். நீ நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்று, "இதுக்குத்தான் உங்களைக் கல்யாணம் பண்ணிக்கிட்டேனா?" என்று கேட்டாய். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அரை அடி இடது பக்கம் போ" என்றார். அன்றிலிருந்து காலை ஆறு மணிக்கு முடிவுக் கோட்டருகே என் நாற்காலி, கையில் அத்தானின் ஸ்டாப்வாட்ச். வக்கீல் அந்த வெள்ளைக் கம்பத்தைத் தாண்டும்போது ஒரு அழுத்து, என்னைத் தாண்டும்போது ஒரு அழுத்து. எத்தனை விநாடி என்று சேணம் மாட்டும் அறையிலுள்ள கரும்பலகையில் எழுதுவேன். ஓடி முடித்ததும் அவன் நேராக என்னிடம் வந்து என் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை உருவுவான். திருப்பிக் கொடுக்கச் சொன்னால் அதற்கும் ஆட்சேபணை.

மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரை அவன் ஓடியதை ஓட்டம் என்றா சொல்வது? பதினெட்டுப் பந்தயத்தில் பதினாலு ஜெயித்தான், பெரிய கோப்பையை இரண்டு தடவை கொண்டுவந்தான். அத்தான் அதில் ஒன்றைக்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை. தொலைநோக்கியை எப்போதும் வேறு ஏதாவது குதிரைமேல் வைத்துக்கொண்டு, "ஐயோ, பின்தங்கிட்டானே" என்று கண் கலங்குவார். நீ அவர் தலையைப் பிடித்து முன்பக்கம் திருப்பிவிடுவாய். அந்த இரண்டு கோப்பையும் சேண அறை அலமாரியில்தான் இருக்கின்றன. ஒன்றில் லாட ஆணி போட்டு வைத்திருக்கிறேன், திட்டாதே.

அப்புறம் அந்தக் காலைப்பொழுது. ஆஸ்பத்திரியிலிருந்து அத்தானை ஒரே ஒரு நாள் வீட்டுக்கு விட்டார்கள், அவர் வீட்டுக்குப் போகாமல் லாயத்துக்கு வர வேண்டும் என்றார். சக்கர நாற்காலியை நீ தள்ளிக்கொண்டு வந்தாய். நான் மூச்சு வாங்க ஓடி வந்து வரவேற்றேன். என் கால்சட்டையைப் பார்த்து நீ ஒரு துணியை நனைத்துக் கொடுத்தாய். குதிரை லாயத்தில் இருப்பவன் என்றால் முழங்கால் வரை சேறு இருக்கத்தானே செய்யும். ஸ்டாப்வாட்சை அத்தான் மடியில் வைத்தேன். அவர் விரலால் அழுத்த முடியவில்லை, நான் அவர் விரல்மேல் என் விரலை வைத்து அழுத்தினேன். ஒரு நிமிஷம் பதினோரு விநாடி. அதற்கு முன் அவன் பன்னிரண்டுக்குக் கீழே வந்ததே இல்லை. அத்தான் ரொம்ப நேரம் எதிர்க்கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கையைப் பிடித்து, "நல்லா ஓடினான்டா. நீயும் நல்லா ஓடினே" என்றார். பாவம், மருந்து மயக்கம். நான் எங்கே ஓடினேன்?

அப்போது வாங்கிய வாக்குதான் நீ கேட்பது. "இன்னிக்கு ஓடினதைவிட ரெண்டு விநாடி கூட ஆச்சுன்னா, அடுத்த நாளே பண்ணைக்கு அனுப்பிடு. தோத்துத் தோத்து அவன் தலை குனியறதை நான் பார்க்கப் போறதில்லை, நீயும் பார்க்காதே" என்றார். சரி என்றேன். பக்கத்தில் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, குதிரைகளைப் பராமரிக்கும் நம் லாயக்காரரும் நின்றார், அவரும் கேட்டார். அடுத்த மாதம் அத்தான் போய்விட்டார். பலகையில் அந்தப் பதினொன்றை நான் இன்றுவரை அழிக்கவில்லை. பலகையைக் கழுவினால்கூட அதைச் சுற்றித்தான் கழுவுவேன்.

இப்போது துரோகத்துக்கு வருகிறேன்.

இந்த மூன்று வருஷமாக ஸ்டாப்வாட்ச் பதினொன்றிலிருந்து பதினொன்றரைக்கு மேல் போகவே இல்லை. ஆகவே நான் வாக்குத் தவறவில்லை என்பதை முதலில் குறித்துக்கொள். ஆனால் பந்தயத்துக்குப் போனால் இரண்டாவது வருகிறான், நாலாவது வருகிறான், போன மாதம் ஆறாவது. வீட்டில் புலி, வெளியே எலி என்றால் யார்மேல் சந்தேகம் வரும்? ஜாக்கிமேல்தான். முதல் ஜாக்கியை, உனக்குக் குதிரை ஓட்டத் தெரியவில்லை, நாற்காலியில் உட்காருவதுபோல உட்காருகிறாய் என்று சொல்லி அனுப்பினேன். இரண்டாமவர் நல்ல மனுஷன், அவரை அதைவிட மோசமாகச் சொல்லி அனுப்பினேன். லாடத்தை மாற்றினேன், தீவனத்தை மாற்றினேன், சேணத்தை மாற்றினேன். பந்தய மைதானத்தின் மண் சரியில்லை என்று மூன்று பக்கம் புகார் எழுதினேன், அதற்கு அவர்கள் மண் நன்றாக இருப்பதாக ஒரே வரியில் பதில் போட்டார்கள். குதிரை டாக்டர் வந்து இடது முன்னங்காலைத் தடவி, "நரம்பு சூடா இருக்குங்க. எட்டு வயசாச்சு. இனி ஓடவிட்டா கால் தாங்கலாம், தாங்காமலும் போகலாம்" என்றார். ஸ்டாப்வாட்சை எடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். "அப்போ கடிகாரத்துக்கு வைத்தியம் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார். அவரோடும் பேச்சு இல்லை.

இந்த நிலைமையில் சாம்பல் நிறக் குட்டி ஒன்று புதிதாக வந்தது. சரியான சோம்பேறி, நிற்கும்போதே தூங்கும், ஓடும்போதும் பாதித் தூக்கம். ஒரு காலை அதை ஓடவிட்டு அழுத்தினால் ஒரு நிமிஷம் பன்னிரண்டு. வக்கீலுக்கு அடுத்த வாரிசு கிடைத்துவிட்டது என்று குட்டியின் சொந்தக்காரரைக் கூப்பிட்டு, "உங்க பொண்ணு சாதாரணப் பொண்ணு இல்லீங்க" என்று சொல்லி, முதல் பந்தயமே பெரிய குதிரைகளோடு சேர்த்துவிட்டேன். கடைசியாக வந்தது. கடைசி என்றால், அதற்கு முன்னால் வந்த குதிரைக்கும் இதற்கும் நடுவில் ஒரு பஸ் திரும்பலாம். சொந்தக்காரர் என் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். திட்டியிருக்கலாம்.

மறுநாள், அதாவது நேற்று, ஸ்டாப்வாட்ச்தான் கெட்டுப்போயிருக்கிறது என்று அதைச் சுவர்க்கடிகாரத்தோடு வைத்துப் பார்த்தேன். சரியாக ஓடுகிறது. அப்படியானால் பாதை. என் முட்டி வலி உனக்குத் தெரியும், மூன்று வருஷமாக நான் எதிர்க்கோடிக்கு நடந்ததில்லை, நாற்காலியோடு சரி. நேற்று நடந்தேன். கம்பம் இருக்கிறது. அழகாக வெள்ளையடித்து இருக்கிறது. கம்பத்துக்குப் பின்னால் பதினைந்து தப்படியில் புல் முளைக்காத ஒரு வட்டம், காலால் கிளறினால் மூடிய குழி. அதற்குப் பின்னால் பதினைந்து தப்படியில் இன்னொன்று. அதற்கும் பின்னால் மூன்றாவது. ஆக கம்பம் வருஷத்துக்கு ஒரு தடவை என்னை நோக்கி நடந்து வந்திருக்கிறது, அக்கா. இன்னும் இருபது தப்படி தள்ளி நாலாவதாக ஒரு குழியும் இருக்கிறது, அது ஏதோ பெருச்சாளி வேலை, அதை விடு.

லாயக்காரரைக் கூப்பிட்டேன். இத்தனை வருஷத்தில் என் முன்னால் அவர் உட்கார்ந்ததில்லை. நேற்று தீவன மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"கம்பத்தை நகர்த்தினது யாரு?" என்றேன்.

"நான்தான் முதலாளி."

"எத்தனை தடவை?"

"மூணு."

"எதுக்கு?"

"குதிரை மெதுவாகலீங்க முதலாளி. தூரம்தான் கூடிப்போச்சு. நான் அதைக் கொஞ்சம் குறைச்சேன்."

"என்னை முட்டாளாக்கினியா?"

"ரெண்டு விநாடி கூடினா அனுப்பணும்னு ஐயா சொன்னாரே. வாட்ச் அதைச் சொல்லிட்டா நீங்க அனுப்பித்தான் ஆகணும். அனுப்பிட்டு நீங்க காலையில ஆறு மணிக்கு எந்திரிச்சு எங்க போவீங்க?"

இது என்ன கேள்வி, நீயே சொல்லு. நான் எங்கே போனால் இவருக்கென்ன? இப்போதிருக்கும் ஜாக்கியைக் கூப்பிட்டு, கம்பம் நகர்ந்தது உனக்குத் தெரியுமா என்று கேட்டால், "தெரியும் சார், நீங்கதான் நகர்த்தச் சொன்னீங்கன்னு நினைச்சேன்" என்கிறான். என்னைப் பார்த்தால் கம்பத்தை நகர்த்துகிறவன் மாதிரியா இருக்கிறது? தூரத்தில் ஏமாற்று வேலை செய்து, இரண்டு ஜாக்கிகளின் பிழைப்பைக் கெடுத்து, டாக்டரோடு என் சிநேகத்தை முறித்து, ஒரு தூங்குமூஞ்சிக் குட்டியை ஊர் சிரிக்க வைத்த மனுஷனை நான் இனி லாயத்தில் வைத்துக்கொள்ள முடியாது. சாயங்காலமே போகச் சொல்லிவிட்டேன். பிரஷ்ஷைக் கழுவி ஆணியில் மாட்டிவிட்டு, வக்கீலின் கழுத்தில் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்துவிட்டுப் போனார். நீ இதில் எனக்குப் பரிந்து பேசுவாய் என்று நம்புகிறேன். அளவு விஷயத்தில் பொய் சொல்கிறவனை அத்தான் இருந்திருந்தால் ஒரு நிமிஷம் பொறுத்திருக்க மாட்டார்.

இனி என் முடிவு. வக்கீல் இந்தத் தடவை பெரிய கோப்பையில் ஓட வேண்டும். அவசரப்படாதே, முழுக்கப் படி. நகர்ந்த தூரத்தையெல்லாம் சேர்த்து உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மூன்று வருஷத்தில் அவன் மெதுவானது மொத்தமே இரண்டரை விநாடி. இதே மூன்று வருஷத்தில் நான் மாடிப்படி ஏற எடுக்கும் நேரம் எவ்வளவு கூடியிருக்கிறது? யாராவது என்னைப் பண்ணைக்கு அனுப்பினார்களா? அத்தான் சொன்னது இரண்டு விநாடி என்றுதான் எனக்கும் ஞாபகம், ஆனால் அவருக்கு அன்று குரல் சரியாக வரவில்லை, மூன்று என்றும் இருக்கலாம். உனக்கு உறுதியாக ஞாபகம் இல்லாவிட்டால் மூன்று என்றே வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு ஓட்டம். ஜெயித்து, மாலை போட்டுக்கொண்டு, தலை நிமிர்ந்து பண்ணைக்குப் போகட்டும். ஆகவே வெள்ளிக்கிழமை பண்ணைக்காரரிடம் முடியாது என்று சொல்லிவிடப் போகிறேன். இதில் என் சொந்த ஆசாபாசம் எதுவும் இல்லை.

மகனுக்கும் மருமகளுக்கும் என் அன்பு. பேத்தி தீர்க்காயுசாக, உன் பிடிவாதமும் என் முட்டி வலியும் இல்லாமல் வளர ஆசீர்வாதம். முழங்காலுக்கு நான் அனுப்பிய தைலத்தைப் பயப்படாமல் தடவு, குதிரைக்குத் தடவுகிறதுதான், நன்றாகக் கேட்கிறது.

இப்படிக்கு,
உணர்ச்சிக்கு இடம் கொடுக்காத,
உன் தம்பி

பின்குறிப்பு: கடிதத்தைப் புதன்கிழமை ஒட்டி வைத்தேன். இப்போது வெள்ளிக்கிழமை மத்தியானம். உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன்.

நேற்றுக் காலை, வக்கீலின் உண்மையான வேகத்தை உனக்கு எழுதிவிடலாம் என்று கம்பத்தைப் பிடுங்கிச் சரியான இடத்தில் நடப் போனேன். மண்வெட்டியை எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. சரியான இடம் எது என்று நான் தேடவே இல்லை, அக்கா. நேராக நாலாவது குழிக்குத்தான் போனேன். தோண்டினால் அடியில் அத்தான் புதைத்த அளவுக்கல், அவர் தன் கையால் போட்ட கோட்டோடு அப்படியே இருக்கிறது. பெருச்சாளி எதுவும் இல்லை. அந்தக் குழியைக் காலி செய்தது நான்தான். ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் வந்த காலையில், நீங்கள் வந்து சேர்வதற்கு முன்னால், கம்பத்தை இருபது தப்படி தூக்கிக்கொண்டு ஓடி நட்டுவிட்டு, திரும்பி ஓடி வந்து உங்களை வரவேற்றேன். அவர் பதினொன்றைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது, அவ்வளவுதான். மண்வெட்டியை எடுத்துக் கொடுத்து, குழியை மிதித்து மூடியது லாயக்காரர். நான் எத்தனை தடவை என்று கேட்டபோது அவர் மூன்று என்றுதான் சொன்னார். நாலாவதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை, நான் அவரை வேலையைவிட்டு அனுப்பியபோதும் திறக்கவில்லை.

கம்பத்தை அளவுக்கல்லின் மேல் நட்டு வக்கீலை ஓடவிட்டேன். ஒரு நிமிஷம் பதினாலரை. வந்து கைக்குட்டையை உருவினான். இடது கால் கொதித்தது.

லாயக்காரர் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவர், "டீ குடிக்கிறீங்களா முதலாளி?" என்றார். குடித்தேன். டாக்டர் வீட்டிலும் நேற்றே ஒரு டீ. ஜாக்கிகள் இரண்டு பேருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும்.

இன்று காலை கையெழுத்துப் போட்டுவிட்டேன். லாயக்காரரும் வக்கீலோடு பண்ணைக்குப் போய்விட்டார், அங்கேயும் ஒரு ஆள் வேண்டுமாம். வண்டியில் ஏற வக்கீலுக்கு ஆட்சேபணை இருக்கும் என்று நினைத்தேன். ஒன்றும் இல்லை. தானே ஏறினான். கைக்குட்டை அவனிடமே இருக்கிறது, நான் கேட்கவில்லை. பலகையில் இருந்த பதினொன்றையும் அழித்துவிட்டேன்.

மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடு. ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது. அரை அடி தள்ளி நின்றாலே கண்டுபிடிக்கிற மனுஷன், இருபது தப்படி நகர்ந்த கம்பத்தை அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான், நீயும் நல்லா ஓடினே என்று சொன்னார். நீயும் என் கால்சட்டையில் இருந்த சேற்றைத் துடைக்கத் துணி கொடுத்தாயே தவிர, இந்த நேரத்தில் எங்கே போய் இவ்வளவு சேற்றை மிதித்தாய் என்று கேட்கவில்லை. உனக்கும் அன்றைக்கே தெரியுமா, அக்கா?